ஏழாவது பரிமாணத்தில் மாப்பிள்ளை

ஒரு ஃப்ளெக்ஸ் பேனருக்கு எத்தனை பரிமாணம்?

நீளம் ஒன்று, அகலம் ஒன்று. ஆக இரண்டு. தடிமன் என்று ஏதோ இருக்கிறதுதான்... ஆனால் அதைக் கணக்கில் சேர்க்கும் அளவுக்கு எந்தக் கடைக்காரரும் தாராளம் காட்டுவதில்லை. இரண்டு பரிமாணத்தில் கிடக்கும் ஒரு பொருள், மூன்று பரிமாணத்தில் நடமாடும் நம்மை என்ன செய்துவிட முடியும் என்று போன வாரம் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், பாளையங்கோட்டையில், அப்படி ஒரு பேனர் ஒரு கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தது.

பேனரின் கீழ்ப்பக்கம் ஒரு வளையத்துக்குள் என் போட்டோவும் இருந்தது. கீழே, 'கணித ஆலோசனை' என்று போட்டு என் பெயர். பெயருக்குப் பின்னால் எம்.எஸ்ஸி.

முதலிலிருந்து சொல்கிறேன். எனக்கே இன்னும் தெளிவாகவில்லை. சொல்லச் சொல்லத் தெளிகிறதா பார்ப்போம்.

கல்லூரி ஹாஸ்டலில் நாங்கள் மூன்று பேர் ஒரே அறை. வள்ளியூர் ஜெபக்குமார், பேட்டை இசக்கிமுத்து, பாபநாசம் பக்கத்திலிருந்து வந்த நான். மூன்று பேருக்கும் ஒரே வியாதி. கதைகளில் வரும் பலசாலிகளை எடைபோடுவது. இந்தக் காமிக்ஸ்காரனும் அந்தக் கார்ட்டூன்காரனும் மோதினால் யார் ஜெயிப்பார்கள்? இதற்கு 'பவர் ஸ்கேலிங்' என்று பெயர். உலகம் முழுக்க இதற்கென்றே ஒரு கூட்டம் ராப்பகலாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. நாங்கள் ஹாஸ்டல் மெஸ்ஸில் போட்டோம்.

மலையைத் தூக்குபவன், கிரகத்தை உடைப்பவன், நட்சத்திரக் கூட்டத்தையே ஊதி அணைப்பவன் என்று ஏறிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் உடைப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. அப்போதுதான் பரிமாணம் வரும்.

இதில் இசக்கிதான் எங்கள் பேராசிரியர். "ஏலே, நீ பேப்பர்ல ஒரு ஆள வரையுத. அவன் கையில அருவா இருக்கு. அவனால ஒன்ன வெட்ட முடியுமா? முடியாது. நீ அந்தப் பேப்பரக் கசக்கிப் போட்டா அவன் கதை முடிஞ்சு. அதே மாதிரி, நாலாவது பரிமாணத்துல உள்ளவனுக்கு நாமதான் பேப்பரு. அஞ்சாவதுல உள்ளவனுக்கு அந்த நாலாவது ஆளு பேப்பரு. மேல உள்ளவனக் கீழ உள்ளவன் தொடவே முடியாது. அம்புட்டுதான்."

நான் கணக்கு மாணவன். சும்மா இருக்க முடியுமா? பரிமாணம் என்றால் போவதற்கு இருக்கும் திசைகளின் எண்ணிக்கை, கூடுதலாக ஒரு திசை இருப்பதால் கூடுதல் பலம் இருக்கிறது என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை என்பேன்.

"கணக்கு வேற, பவரு வேற. நீ பைய இரிலே," என்பான் இசக்கி.

அவன் சொல்வதில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஒரு கனசதுரத்துக்குள் எத்தனை சதுரங்களை அடுக்கலாம்? முடிவே கிடையாது. அப்படியானால் மேலே உள்ளது கீழே உள்ளதைவிட முடிவில்லாத மடங்கு பெரியது. இசக்கி சொல்வது சரி. ஆனால் அதே கனசதுரத்திலிருந்து எல்லாச் சதுரங்களையும் உருவிவிட்டால் கனசதுரம் எங்கே நிற்கும்? நான் சொல்வதும் சரி.

இரண்டும் சரி என்றால்... எதுதான் சரி?

இந்தக் குழப்பத்தோடுதான் பட்டம் வாங்கினேன். இப்போது ஒரு டுடோரியலில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இசக்கி வண்ணார்பேட்டையில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனர். ஜெபா வள்ளியூரில் மோட்டார் பம்ப் விற்கிறான். அவனுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில், மாப்பிள்ளையின் கூட்டாளிகள் மண்டபத்து வாசலில் பேனர் வைத்தாக வேண்டும். வைக்காவிட்டால் மாப்பிள்ளைக்குக் கூட்டாளிகளே கிடையாது என்று அர்த்தம். வெறும் வாழ்த்து போதாது. மாப்பிள்ளை சிங்கத்தின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். அல்லது போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். ஆயுள் தண்டனை என்று செய்தித்தாள் மாதிரித் தலைப்பு போட வேண்டும். இதெல்லாம் பழசாகிவிட்டது என்று இசக்கிக்கு ஒரு வருத்தம்.

ஒரு நாள் வகுப்பு நடுவில் போன் அடித்தான்.

"ஏலே, பரிமாணம் ஏழு வரைக்கும் இருக்கலாம்லா?"

"கணக்குல எத்தனை வேணும்னாலும் இருக்கலாம். எதுக்குலே கேக்க?"

"சும்மாதான். வை."

அவ்வளவுதான் நான் வழங்கிய ஆலோசனை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வயிற்றுவலிக்கு எந்த மாத்திரை என்பதிலிருந்து வாசல்படியை எந்தப் பக்கம் வைப்பது என்பதுவரை என்னைத்தான் கேட்பார்கள். நான் தெரியவில்லை என்று சொன்னாலும் அப்பா, "அவன் படிச்சவன், யோசிச்சுத்தான் சொல்லுவான்" என்பார். அந்த வார்த்தையைக் கேட்டாலே நான் நழுவிவிடுவேன். பேனர் அடிக்கும்போது கடை முதலாளி, "இதென்னவே ஏழு வளையம், யாரும் சண்டைக்கு வந்துரப் போறாவ" என்று கேட்டதற்கு இசக்கியும் அதையேதான் சொல்லியிருக்கிறான். "கணக்கு படிச்சவன் பாத்துச் சரின்னுட்டான் அண்ணாச்சி."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மண்டபத்து வாசலில் அண்ணாந்து பார்த்தேன்.

கருநீல வானம். ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஏழு வளையங்கள். உச்சியில் ஒளிவட்டத்தோடு ஜெபா, கோட்டு சூட்டில், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறான். கீழே மூன்றாவது வளையத்தில் பெண். பெயர் பியூலா. நிச்சயதார்த்தத்தன்று போட்டோகிராபர் சொன்னதற்காக மின்விசிறியையோ எதையோ அண்ணாந்து பார்த்த போட்டோ. இங்கே ஏழாவது வளையத்தைப் பார்த்து ஏங்குவது மாதிரி இருந்தது. அதற்கும் கீழே, இரண்டாவது வளையத்தில், தட்டையாக நாங்கள்.

நடுவில் கொட்டை எழுத்தில்: 'கீழ்ப் பரிமாணங்கள் தொட முடியாத எங்கள் ஜெபா!'

"எப்படிலே?" என்றான் இசக்கி, புதுச் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு.

பதில் சொல்வதற்குள் கோவிலில் ஒத்திகை முடிந்து இரண்டு வீட்டாரும் வந்துவிட்டார்கள். சர்ச் என்பதை இங்கே கிறிஸ்தவர்கள் கோவில் என்றுதான் சொல்வார்கள். பியூலாவின் அப்பா சாலமோன் சார், ரிடையர்டு தலைமையாசிரியர். கோவில் கமிட்டியிலும் இருக்கிறார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பேனரை மேலிருந்து கீழாக வாசித்தார். பிறகு கீழிருந்து மேலாக.

"தம்பி, ஒரு சந்தேகம். ஏழாவதுல மாப்பிள்ள உக்காந்துக்கிட்டா, ஆண்டவரு எங்கன இருப்பாரு?"

போச்சு, கல்யாணம் இங்கேதான் நிற்கப்போகிறது என்று நினைத்தேன். இசக்கி அசரவில்லை.

"அவரு அளவுக்கே அப்பாற்பட்டவரு சார். ஸ்கேலிங்குக்குள்ளயே வரமாட்டாரு."

சாலமோன் சார் பேனரை இன்னொரு தரம் பார்த்தார். "அது சரிதான்," என்றார். உள்ளே பந்தலைப் பார்க்கப் போய்விட்டார்.

அப்பாடா என்று மூச்சு விட்டேன். தப்பான இடத்தில் விட்டுவிட்டேன். பின்னாலேயே பியூலா நின்றுகொண்டிருந்தார்.

பியூலா டிப்ளமோ சிவில் படித்தவர். பாளையங்கோட்டையில் ஒரு இன்ஜினியர் ஆபீஸில் வீட்டுக்கு ப்ளான் வரைகிற வேலை. பேனரை அவரும் ப்ளானைப் பார்ப்பது மாதிரித்தான் பார்த்தார். மூலை மூலையாக.

"இசக்கியண்ணே, இந்த வளையமெல்லாம் என்னது?"

இசக்கிக்கு உற்சாகம். கேட்கும் ஆள் கிடைத்தால் விடுவானா? "ஒவ்வொண்ணும் ஒரு பரிமாணம் மதினி. மேல உள்ளவங்களுக்குக் கீழ உள்ளதெல்லாம் படம் பாக்க மாதிரி. நெனச்சா மாத்தலாம், அழிக்கலாம். கீழ உள்ளவங்க மேல உள்ளவங்கள ஒண்ணும் பண்ண முடியாது."

"அப்ப நான் இவருக்குப் படமா?"

இசக்கி பேனரைத் திரும்பிப் பார்த்தான். "மூணாவதுங்கது... நல்ல இடந்தான் மதினி. நாங்கல்லாம் ரெண்டாவதுலதான் கிடக்கோம்."

"நான் தெனமும் ரெண்டு பரிமாணத்துலதான் வரையுதேன். அதப் பாத்துதான் கொத்தனாரு செவுரு வைக்காரு. ஒரு கோட்டத் தள்ளிப் போட்டா ஒரு ரூமே சின்னதாப் போயிரும். கீழ உள்ளதால மேல ஒண்ணும் பண்ண முடியாதுன்னு யாரு சொன்னா?"

நியாயமான அடி. ஆனால் இசக்கி விவாதத்தில் சளைக்கிற ஆள் இல்லை. "கோடு தானாவா தள்ளிச்சு? நீங்கல்லா தள்ளினீய! நீங்க மூணாவது பரிமாணம். அப்ப ஜெயிச்சது மூணாவதுதான!"

"அதுவும் சரிதான்," என்றேன் நான்.

ஏன் சொன்னேன்? தெரியவில்லை. பல வருடப் பழக்கம். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பேனரிலிருந்த என் போட்டோகூடப் பார்த்தது மாதிரி இருந்தது.

பியூலா சிரிக்கவில்லை. ஜெபாவின் பக்கம் திரும்பினார்.

"இசக்கியண்ணன் சொல்லுதது சரிதான். தள்ளும்போது கோட்டுக்கிட்ட யாரும் கேக்க மாட்டாங்கல்லா?"

ஜெபா இசக்கியைப் பார்த்தான்.

"உங்க அம்மா நேத்துப் போன்ல பேசினாங்க. 'கல்யாணத்துக்குப் பொறவு நீ வேலைக்குப் போக வேண்டாம்மா, ஜெபா சொல்லிட்டான்'னாங்க. நீங்க எங்கன நின்னுக்கிட்டுச் சொன்னீயன்னு எனக்கு விளங்கல. இப்பதான் விளங்குது," என்று ஏழாவது வளையத்தைக் காட்டினார்.

"இல்ல பியூலா... வள்ளியூர்ல இருந்து தெனமும் பஸ்ல வந்து போறது கஷ்டம்லா... ஒனக்காகத்தான்..."

"எனக்காக. சரி. என்கிட்ட கேட்டீயளா?"

காற்று அடித்தது. ஆனி மாதக் காற்று. பேனர் வயிற்றை உப்பிக்கொண்டு சவுக்குக் கம்புகளை முறுக்கியது.

பியூலா குரலை உயர்த்தாமல் சொன்னார். "மூணு ஓலையும் வாசிச்சாச்சு. யாரும் ஆட்சேபனை சொல்லல. நாளைக்குக் காலையில ஐயர் கடைசியா ஒருதரம் கேப்பாரு. அதுக்குள்ள எனக்குப் பதில் வேணும்."

தெரியாதவர்களுக்காக: இங்கே கல்யாணத்துக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைகளில், பெண் மாப்பிள்ளை பெயரைச் சபையில் வாசிப்பார்கள். அதுதான் ஓலை. ஆட்சேபனை இருப்பவர்கள் சொல்லலாம். கல்யாணத்தன்றும், தாலி கட்டுவதற்கு முன்னால், ஐயர் — அதாவது பாதிரியார் — இன்னொரு முறை கேட்பார். பொதுவாக அந்த நேரத்தில் யாராவது இருமுவார்கள். அதோடு சரி. அந்தக் கேள்விக்கு மணப்பெண்ணே பதில் சொல்லி நான் கேள்விப்பட்டதில்லை.

பியூலா காரில் ஏறிப் போய்விட்டார். நாங்கள் மூன்று பேரும் பைக் நிறுத்தும் இடத்தில் நின்றோம்.

"நெசமாவே அப்படிச் சொன்னியாலே?" என்று கேட்டேன்.

"அம்மா கேட்டா. அப்ப யாவாரத்துல இருந்தேன். சரின்னுட்டேன். அவ வேலைக்குப் போணுமா வேண்டாமான்னு எனக்கு ஒரு நினைப்பே கிடையாதுலே."

இது எனக்குப் புதிதாக இருந்தது. நாலாவது பரிமாணத்தில் இருப்பவனுக்கு நம்முடைய நேற்று, இன்று, நாளை எல்லாம் ஒரே பார்வையில் தெரியும் என்று இசக்கி எத்தனையோ தரம் வகுப்பு எடுத்திருக்கிறான். இங்கே ஒருவன், ஒரு பெண்ணின் நாளையை முடித்து வைத்திருக்கிறான். அதுவும் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல். மேலே இருப்பவன் எல்லாவற்றையும் பார்க்கிறான் என்றுதானே பேச்சு? பார்க்கவே இல்லை என்றால் அது எத்தனாவது பரிமாணம்?

இசக்கியிடம் கேட்டேன். அவன் பைக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான்.

ஜெபா என் கையைப் பிடித்தான். "நீ கணக்கு படிச்சவன். நீ சொல்லு. நான் இப்ப எங்கனலே நிக்கேன்?"

"மண்டபத்து வாசல்ல," என்றேன்.

கிண்டல் இல்லை. அதற்கு மேல் எனக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியவில்லை.

விடியக் காலையில் போன் வந்தது. "ரெண்டு பேரும் வாங்கலே. ஏணியும் பிளேடும் வேணும்."

போய்ப் பார்த்தால் மாப்பிள்ளை பனியனோடு நிற்கிறான். பேனரை இறக்கிவிடலாம் என்றேன். "வேண்டாம், ஊரே பாத்துட்டு. இல்லாமப் போனா ஏன்னு கேப்பாவ," என்றான். நாங்கள் ஏணியைப் பிடித்துக்கொள்ள, அவனே ஏறினான். பிளேடால் ஏழாவது வளையத்திலிருந்த தன்னையே சுற்றி வெட்டி எடுத்தான். ஒளிவட்டத்தோடு வந்துவிட்டது. அதைத் தனியாக அறுத்துப் போட்டான். பிறகு மூன்றாவது வளையத்தில், பியூலாவுக்குப் பக்கத்தில், கடையிலிருந்து இசக்கி கொண்டுவந்த பசையைப் பூசி ஒட்டினான்.

அவன் பம்ப் விற்கிறவன். ஒட்டுவது தொழில் இல்லை. உருவம் கோணலாக உட்கார்ந்தது. கால்மேல் போட்ட கால் இரண்டாவது வளையத்துக்குள் இறங்கி, சரியாக என் முகத்தில் நின்றது.

"கணித ஆலோசனைக்கு ஃபீஸு," என்றான் இசக்கி.

ஒன்றைக் கவனித்தேன். உச்சியில் ஆள் அளவுக்கு ஓட்டை விழுந்ததும், பேனர் முறுக்குவதை நிறுத்திவிட்டது. காற்று அதன் வழியே போய்க்கொண்டிருந்தது. எதிர்ப் பக்கம் யாருடைய காதுகுத்துக்கோ வைத்த பேனர் கம்போடு சாய்ந்து கிடந்தது.

மணப்பெண்ணின் கார் கோவிலுக்குப் போகும் வழியில் மண்டபத்து முன்னால் நின்றது. கண்ணாடி இறங்கியது. நான்தான் பக்கத்தில் இருந்தேன்.

"யாருண்ணே வெட்டினது?"

"ஜெபாதாம்மா."

"கோணலா இருக்கு."

"ஆமா."

கொஞ்ச நேரம் பார்த்தார். முகத்திலிருந்து ஒன்றும் பிடிபடவில்லை. "இதுவும் படந்தான். நான் கேட்டது பதிலு," என்றார். கண்ணாடி ஏறிவிட்டது.

கோவிலில் பாட்டு முடிந்தது. ஜெபம் முடிந்தது. ஐயர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, இந்த இருவரும் இணைவதற்கு நியாயமான தடை ஏதும் இருப்பதாக யாருக்காவது தெரிந்தால் இப்போதே சொல்ல வேண்டும் என்றார்.

யாரும் இருமவில்லை.

பியூலா ஐயரைப் பார்க்கவில்லை. முகத்திரைக்குள்ளிருந்து ஜெபாவைப் பார்த்தார். ஐயர் பக்கத்தைத் திருப்பப் போனவர், அதைக் கவனித்து நிறுத்திக்கொண்டார். முன்வரிசையில் ஜெபாவின் அம்மா கைக்குட்டையைப் பிசைந்தார். என் பக்கத்தில் இசக்கி கண்ணை மூடி அவன் குலசாமியைக் கும்பிட்டுக்கொண்டிருந்தான்.

ஜெபா குனிந்து ஏதோ கேட்டான். பியூலா சின்னதாக ஏதோ சொன்னார். இவன் மறுபடி ஏதோ சொன்னான். முகத்திரை ஒரு தரம் அசைந்தது... ஆமாம் என்பது மாதிரி.

பிறகு பியூலா ஐயர் பக்கம் திரும்பினார். ஐயர் பக்கத்தைத் திருப்பினார்.

பிரியாணிப் பந்தியில் ஜெபாவை மடக்கினோம். "அங்கன வச்சு என்னலே கேட்ட?"

"காலையில எத்தனை மணி பஸ்ஸுக்குப் போவன்னு கேட்டேன்."

"அதுக்கு?"

"எட்டு மணி பஸ்ஸுன்னா. அது ஊருக்குள்ள வராது, பைபாஸ்லயே போயிரும்னா. அப்ப பைபாஸ் வரைக்கும் நான் கொண்டு விடுதேன்னேன்."

"அம்மாகிட்ட?"

"இன்னும் சொல்லல. நாந்தான் சொல்லணும்." அவன் முகம் சுண்டியது. அம்மா மூன்று இலை தள்ளி உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா எத்தனாவது பரிமாணம்லே?" என்றான் இசக்கி.

"அவ ஸ்கேலிங்குக்குள்ள வரமாட்டாலே."

பயந்துகொண்டேதான் எழுந்து போனான். என்ன பேசினான் என்று காதில் விழவில்லை. அம்மாவின் கை, சோற்றில் வைத்தது வைத்தபடி இருந்தது. அப்புறம் என்னவோ கேட்டார். இவன் தலையாட்டினான். பிறகு அம்மா பிரியாணியைத் தொடர்ந்து சாப்பிட ஆரம்பித்தார். சம்மதமா, கோபமா? அந்த முகத்திலும் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. திங்கட்கிழமை காலையில் ஜெபா பைபாஸிலிருந்து ஒரு போட்டோ அனுப்பினான். தூரத்தில் ஒரு பஸ்ஸின் பின்பக்கம். அவ்வளவுதான்.

இதை எழுதி முடிக்கும்போதாவது தெளிந்துவிடும் என்று நினைத்தேன். மேலே உள்ளது கீழே உள்ளதை அடக்கியதா, கீழே உள்ளதால்தான் மேலே உள்ளது நிற்கிறதா? ஒரு பெண்ணைப் படமாகப் போட்டதால் வந்த சண்டை, படத்தை வெட்டி ஒட்டியதால் தீரவில்லை. ஒரு பஸ்ஸின் நேரத்தைக் கேட்டதால் தீர்ந்திருக்கிறது. இதற்கு எந்தக் கணக்கில் சூத்திரம் இருக்கிறது? டுடோரியலில் பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வேன்? நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வேறு நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

நேற்று அந்த வழியாகப் போனேன். பேனரை இன்னும் எடுக்கவில்லை. மூன்றாவது வளையத்தில் கோணலாக இரண்டு பேர். இரண்டாவதில், முகத்தில் ஷூவோடு, நான். ஏழாவது பரிமாணத்தில் இப்போது யாரும் இல்லை.

காற்று மட்டும் நன்றாக வருகிறது.